மே மாதம் தைத்ததும் படித்ததும்

வீட்டில் முதுகு உடைந்து கிடக்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துக் கட்டும் வேலையைக் கொஞ்ச நாளாகச் செய்துவருகிறேன். அதற்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன், படித்து முடிக்காத புத்தகத்துக்கு அட்டை போடுவதில்லை. புது அட்டை போட்டு அலமாரியில் ஏற்றிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள், நான் உட்பட. தவிர, ஒரு புத்தகத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பது அதைப் படித்தால்தான் தெரிகிறது. ஒரே மூச்சில் முடிப்பதா, நடுவில் எங்காவது பிரித்து மேஜையில் கிடத்திவைத்து நாள்கணக்கில் படிப்பதா என்பதைப் பொறுத்துத் தையல் மாறும். மே மாதம் கைக்கு வந்தவை ஐந்து.

பொருட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மில் போர்டு என்கிற கெட்டி அட்டை, காலிக்கோ துணி, பருத்தி நாடா எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் கிடைக்கும், கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்துக்கு நடுவில் நுழைந்து வர வேண்டும், அவ்வளவுதான். கிழிசல் ஒட்டுவதற்கான ஜப்பான் டிஷ்யூ தாளை மட்டும் இணையத்தில் வாங்குகிறேன், விலை கொஞ்சம் வலிக்கும். மெல்லிய தாள், ஆனால் இழை நீளமானது, ஒட்டியபின் எழுத்தை மறைக்காது. நூல் பருத்தி நூல்தான், தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. அழுத்தி வைக்க இரண்டு பிளைவுட் பலகையும் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த அம்மிக்கல்லும்.

பசை மைதா பசை. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி இல்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல ஆகும். ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். பைண்டிங் கடைகளில் இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த பைண்டிங் கடைப் பெரியவர் இந்த ஒரு விஷயத்தில் என்னோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. “தம்பி, துத்தம் போடலேன்னா பூச்சி மொத்தத்தையும் தின்னுட்டுப் போயிடும், நாங்க முப்பது வருஷமா போடுறோம்” என்பார். பூச்சி வராது என்பது உண்மைதான். ஆனால் துத்தத்தில் இருக்கும் தாமிரம் நாளடைவில் தாளையே அரிக்கும், அதோடு அது விஷம், சமையலறை அடுப்பில் காய்ச்சும் பொருளில் அதைப் போட எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சமாகக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுகிறேன். ஃபெவிகாலை முதுகில் மட்டும், அதுவும் மைதாவோடு கலந்து போடுவேன், பக்கங்களுக்கு அது ஆகவே ஆகாது. காய்ந்தபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது. மைதா பசையை ஐம்பது வருடம் கழித்தும் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். நாம் செய்யும் வேலையைப் பின்னால் வேறொருவர் பிரிக்க வேண்டி வரும் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும்.

செலோடேப் போடுகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு அதிலேயே முடிந்துவிடும், எனவே விட்டுவிடுகிறேன்.

முதலில் எடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. மெலிந்த புத்தகம், பக்கவாட்டில் இரண்டு கம்பி அடித்துக் கட்டியிருந்தார்கள், இரண்டும் துருப்பிடித்துச் சுற்றியிருந்த தாளைத் தின்றிருந்தன. தண்ணீர்க் கறை படிந்த ‘தண்ணீர்’ என்று எழுத ஆசைதான், ஆனால் அது காபிக் கறை. கம்பியின் மடிந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, மறுபக்கம் குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் தாளும் கூட வரும். துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, பழைய ஓட்டைகளோடு நடுவில் ஒன்று மட்டும் சேர்த்து நூல் கோத்தேன். ஒரு மாலை வேலை.

படிக்கவும் ஒரு மாலைதான், ஆனால் அந்த மாலை லேசில் போகாது. எழுபதுகளின் தொடக்கத்தில் கணையாழி இதழில் தொடராக வந்த கதை. சென்னையில் குழாயில் தண்ணீர் வராத காலம், குடத்தோடு தெருத்தெருவாக அலையும் பெண்கள், சாலையைத் தோண்டிப்போட்ட மாநகராட்சி, குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்கிற செய்தி. நடுவில் ஜமுனா, அவள் தங்கை சாயா, சினிமா ஆசைகாட்டி ஜமுனாவை இழுத்தடிக்கும் பாஸ்கர் ராவ். டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் வாசகனை அழவைக்க ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை அவர். நான் முதலில் படித்தது கல்லூரியில், அப்போது ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றியது. இப்போது படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது, சொல்லாமல் நடக்கிறது. 2019இல் லாரித் தண்ணீருக்காகச் சென்னையில் விடியற்காலை எழுந்து வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் விளக்கிச் சொல்ல எதுவுமில்லை.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’க்குத் தையல் நன்றாகவே இருந்தது, அட்டையும் புத்தகமும் சேரும் இடம் மட்டும் விட்டிருந்தது. உள்தாளைப் பாதி தூக்கி, காலிக்கோ பட்டை ஒன்றைச் செருகி ஒட்டி அம்மிக்கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு, காயும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேறொரு பிரதியை இரவல் வாங்கிப் படித்தேன். 1964இல் வந்த நாவல். பனைவிளை என்கிற ஊர், நொடித்துப்போன பெரிய வீடு, கண்ணப்பச்சி என்று கூப்பிடப்படும் தாத்தா, வயதுக்கு வந்ததால் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிஸி, பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ். கதைச் சுருக்கம் சொன்னால் பழைய காதல் கதை. ஆனால் அந்த வீட்டின் வறட்டுக் கௌரவத்தை எழுதியவர் கோபப்படாமல், லேசாகச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார், கன்னியாகுமரி மாவட்டப் பேச்சு அந்தச் சிரிப்புக்கு ரொம்பவும் ஒத்துழைக்கிறது. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் எழுதியது என்று சொன்னால் நம்பமுடியாத தமிழ். சின்னப் புத்தகம், இதைவிட நீளமாக எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அப்புறம் ‘என் சரித்திரம்’. மாதத்தில் பாதியை இதுதான் எடுத்துக்கொண்டது, அதில் எனக்குக் குறையில்லை. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு, 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, 122 அத்தியாயம். 1942 ஏப்ரலில் அவர் இறந்துபோனதால் பாதியில் நிற்கிறது. என்னிடம் இருப்பது திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பழைய பதிப்பு, சரியாக நடுவில் முதுகு பிளந்து இரண்டு துண்டாக இருந்தது. இதை வைத்திருந்த யாரோ ஒருவர் அந்தப் பிளவில் வச்சிரத்தை, அதாவது விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் பசையை, காய்ச்சி ஊற்றியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் வச்சிரம் காய்ந்து கண்ணாடியாகி, திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் உள்ள தாளையும் சேர்த்து ஒடித்திருந்தது.

பழைய வச்சிரத்தைச் சுரண்டக்கூடாது. மைதா பசையைக் கெட்டியாகக் காய்ச்சி முதுகு முழுக்கத் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அரைமணி நேரம் விட்டால் பசையின் ஈரத்தில் வச்சிரம் இளகிவிடும். அப்புறம் எலும்புக் கத்தி, இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் குச்சியை வைத்து வழித்தெடுக்கலாம். ஒரே தடவையில் வராது, மறுபடியும் பூச வேண்டும். முதுகு சுத்தமானதும் ஒவ்வொரு ஃபாரமாகப் பிரித்தேன். ஒரே தாளில் அச்சடித்து மடித்த பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அந்தக் காலத்துப் புத்தகங்களில் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்துக்கு அடியிலும் சின்னதாக ஒரு எண் போட்டிருப்பார்கள், அச்சுக்கூடத்தில் வரிசை தவறாமல் இருக்க. பிரித்துப்போட்டபின் அந்த எண்கள்தான் எனக்குத் துணை. மடிப்பில் கிழிந்த தாள்களுக்கு டிஷ்யூப் பட்டை வெட்டி மடிப்பின் உள்பக்கம் ஒட்டி, காய்ந்ததும் மறுபடி மடித்து வைக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் ஒட்டியது காயும்வரை அந்தப் பதினாறு பக்கத்தைப் படிக்கலாம், பெரும்பாலும் நான் அப்படித்தான் இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். வாரத்துக்கு ஒன்றாக எழுதியதை ஃபாரம் ஃபாரமாகப் படிப்பது பொருத்தமாகவே இருந்தது. மொத்தமாக எடுத்து உட்கார்ந்தால் நடுவில் வரும் பிரபந்தப் பட்டியல்களில் கால் சிக்கிவிடும்.

எல்லோரும் சொல்லும் இடங்கள் எனக்கும் பிடித்தவைதான். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அத்தனை வருடம் பாடம் கேட்டவரை ஒரு முன்சீப், அதாவது நீதிபதி, நிற்கவைத்து இப்படிக் கேட்பதை, அறுபது வருடம் கழித்து எழுதும்போது ஐயர் கொஞ்சமும் பூசி மெழுகவில்லை. அப்புறம் சிந்தாமணியின் சமணச் செய்திகள் புரியாமல் கும்பகோணத்து ஜைனர் வீட்டுக்குப் போகிறார், வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். தான் அழிந்துபோய்விடுமோ என்று பதறித் தேடிய நூலை நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பூஜை போட்டுப் படித்து முடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

இதற்கு நேர் எதிர் கரிவலம்வந்தநல்லூர். அந்தக் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏடு தேடிப் போகிறார். பழுதான ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகச் சொல்லி, அப்படியே செய்துவிட்டோம் என்கிறார்கள் அங்கே இருந்தவர்கள். அலட்சியத்தால் குப்பையில் போட்டிருந்தால்கூடக் கோபப்படலாம், இவர்கள் மரியாதையோடு எரித்திருக்கிறார்கள். அதை என்ன செய்வது? பசை தோய்ந்த விரலோடு இதைப் படித்தபோது, வச்சிரம் காய்ச்சி ஊற்றிய அந்த முகமறியாத ஆளை நான் அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் எரிக்கவில்லையே.

ஆனால் ஒன்று. ஐயரை ஏடு தேடிய மனிதராக மட்டும் நினைத்துக்கொண்டு புத்தகத்தின் பிற்பாதிக்குத் தாவுகிறவர்கள் முற்பாதியை இழக்கிறார்கள். பாடம் கேட்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகக் குடும்பத்தோடு அலைந்த இளமை, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது வேங்கடராமன் சாமிநாதன் ஆனது, பிள்ளை யோசிக்கவே யோசிக்காமல் செய்யுள் சொல்லிக்கொண்டே போக ஏட்டில் எழுதுகிறவன் கை ஓய்ந்துபோவது, 1876இல் திருவாசகம் காதில் விழ அவர் உயிர் பிரிவது. அந்த மரணத்தை எழுதிய அத்தியாயம் இருந்த ஃபாரத்தில்தான் கிழிசல் அதிகம். முன்பு வைத்திருந்தவர்களும் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்க வேண்டும்.

தையல்: முதுகில் துளைகள் குறித்து, இரண்டு பருத்தி நாடாவின் மேல் ஃபாரங்களைக் கோத்து, ஒவ்வொரு ஃபாரம் முடியும்போதும் கீழ் ஃபாரத்தின் நூலோடு முடிச்சு. முதுகில் மெல்லிய வலைத்துணி, அதன்மேல் கலப்புப் பசை. மில் போர்டு வெட்டும்போது இழை ஓடும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் இழையின் போக்கு, அது முதுகுக்கு இணையாக வர வேண்டும். மாறிப்போனால் அக்கினி நட்சத்திர வெயிலில் பசை காயும்போது அட்டை வில்லாக வளைந்து நிற்கும், அம்மிக்கல் ஒன்றும் செய்யாது. இப்போது இந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் தானாக மூடாமல் படுத்துக் கிடக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். முதுகிலிருந்து அரை அங்குலம் தள்ளி மூன்று ஓட்டை போட்டு இறுக்கிவிடும் தையல் உறுதியானதுதான், லைப்ரரி புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான், ஆனால் அந்தப் புத்தகத்தைப் படிக்க இரண்டு கையும் வேண்டும், காபி குடிக்க மூன்றாவது கை வேண்டும்.

ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வேறு வகைத் தொல்லை. இது பழசே இல்லை, சில வருடம் முன்பு வாங்கிய மறுபதிப்பு, பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். முதுகை வெட்டி வெறும் சூட்டுப்பசையில் ஒட்டியது. இரண்டாம் முறை பிரித்ததும் கதை தொடங்கும் மேடான் நகரத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. தனித்தாளாகிவிட்ட புத்தகத்தை ஃபாரமாகத் தைக்க முடியாது. பழைய பசையைக் குளிரவைத்தால் மொறுமொறுவென்று உரிந்துவிடும், அதனால் புத்தகத்தை ஃபிரீசரில் போட்டு எடுத்து உரித்தேன். பிறகு தாள்களை ஒழுங்காகத் தட்டி, பலகைகளுக்கு நடுவில் நிறுத்தி, முதுகுப்பக்கத்தை ஒருபுறமாக விசிறிப் பசை தடவி, மறுபுறமும் விசிறித் தடவ வேண்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு மயிரிழை அளவுக்குப் பசை ஏறும், அதனால் பிடிக்கும். இந்த ஒரு இடத்தில் முழு ஃபெவிகால்தான், மைதா தாங்காது. மேலே சொன்ன கொள்கையை இங்கே தளர்த்திக்கொண்டேன், புத்தகம் இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதால்.

சிங்காரம் இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர், போருக்குப்பின் மதுரைக்குத் திரும்பி தினத்தந்தியில் வேலை பார்த்தவர். எழுதியது மொத்தம் இரண்டு நாவல், இது 1972இல் வெளிவந்தது. ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று கதாநாயகன் பாண்டியன் போய்க்கொண்டே இருக்கிறான். பெட்டியடிப் பையன்கள், அடுத்தாட்கள், வட்டிக்கடைக் கணக்கு, நடுவில் மதுரை வீதி நினைவு, அதற்கு நடுவில் சங்கப் பாட்டுத் துணுக்கு, அதைக் கேலி செய்கிற இன்னொரு துணுக்கு. கடலில் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் பகுதியில் வாக்கியங்களே தண்ணீர் குடித்துத் தத்தளிக்கின்றன. குடித்துக்கொண்டே தமிழர் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பேச்சுகள் சிலருக்குக் கசக்கும், எனக்கு ரொம்பப் பிடித்தன. ஒரு குறை, பெண்கள் இதில் பாண்டியன் கடந்துபோகும் இடங்களாகவே வருகிறார்கள். போர் முடிந்தபின் வரும் பகுதியில் கதை அவசரப்படுகிறது என்றும் தோன்றியது. இருந்தாலும் தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஒரே மூச்சில் படிக்கும் புத்தகம், பசை பைண்டிங் போதும்.

கடைசி, பெரியம்மா கொடுத்த கட்டு. ஆனந்த விகடனில் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை அந்த நாளில் வாராவாரம் கிழித்துச் சேர்த்துச் சணலில் கட்டி வைத்திருந்தார்கள். “உனக்குத்தான் இந்தக் குப்பையெல்லாம் பிடிக்குமே, எடுத்துக்கிட்டுப் போடா” என்று கொடுத்தார்கள். கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதியது, ஓவியம் கோபுலு. தாளில் ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள் ஒரு அத்தியாயத்தில் நுழைந்து பத்து அத்தியாயம் தாண்டி வெளியே வந்திருந்தன. அந்தக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்தேன், பூச்சியும் முட்டையும் சாகும். இதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது தையலைவிடக் கஷ்டம்.

பத்திரிகைத் தாள் பழுப்பேறி ஒடியும் நிலையில் இருப்பதால் துளையும் போட முடியாது, விசிறவும் முடியாது. மரக்கூழில் செய்த மட்டத்தாள், உள்ளே இருக்கும் அமிலமே அதைத் தின்கிறது. எனவே இரண்டிரண்டு தாளாக எடுத்து நடுவில் டிஷ்யூப் பட்டை வைத்து ஒட்டி, அந்தப் பட்டையில் மடித்து, நாலு நாலு இணையாகச் சேர்த்து ஃபாரம் செய்துகொண்டிருக்கிறேன். ஊசி பழைய தாளைத் தொடாது, பட்டையில்தான் இறங்கும். முதல் பாகம்தான் முடிந்திருக்கிறது.

1968இல் வந்த படத்தை எத்தனையோ முறை பார்த்தவன் என்பதால் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குச் சிவாஜியின் முகம் வருவதைத் தடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன். கோபுலு தடுத்துவிட்டார். அவர் வரைந்த வைத்தி, தோளைக் குறுக்கிக்கொண்டு கும்பிடும் அந்த நிற்பு ஒன்றிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. கதை படத்தைவிட எவ்வளவோ பெரியது, கச்சேரி, சத்திரம், ரயில் பயணம், மேளக்காரர்களின் வம்பு என்று நிதானமாகப் போகிறது. இலக்கியமாக எடைபோட்டால் நிற்காத இடங்கள் நிறைய, வாரக்கடைசித் திருப்பத்துக்காக யாராவது யாரையாவது தப்பாகப் புரிந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் தவில்காரர்கள் பேசிக்கொள்ளும் பக்கங்களை எழுத அந்த உலகத்தோடு பழகிய காது வேண்டும், சுப்புவுக்கு அது இருந்தது. பின்பக்கங்களில் தலைவலித் தைலம், கூந்தல் தைலம், நயா பைசாவில் விலை போட்ட சோப்பு. ஒரு துணுக்குக்குச் சிரித்துவிட்டுத் திருப்பினால் மோகனா அழுதுகொண்டிருக்கிறாள். புத்தகமாக வந்த பதிப்பில் இந்தக் கலவை கிடைக்காது.

இரண்டாம் பாகத்துக்கு டிஷ்யூ தீர்ந்துவிட்டது, ஆர்டர் போட்டிருக்கிறேன். கட்டின் நடுவே சில வாரங்கள் காணவில்லை. பெரியம்மாவைக் கேட்டால், அந்த மாசம் அத்தைக்குப் பிரசவம், யார் புத்தகம் பார்த்தது என்கிறார்கள். அந்த அத்தியாயங்களை நூல் பதிப்பிலிருந்து நகலெடுத்துச் சேர்ப்பதா, அத்தனை பட்டைகளை வெறும் தாளோடு விட்டுவைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நகல் தாள் இந்தத் தாளைவிடத் தடிமன், முதுகு ஒரு பக்கம் புடைக்கும். மெல்லிய தாளில் அச்செடுத்துத் தரும் கடை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.